சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் நடுவே ஒரு கட்டை

நான் படித்தது பி.காம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பாட்டுப் படித்தவர் யாரும் இல்லை. ரேடியோவில் கச்சேரி வந்தால் ஸ்டேஷனை மாற்றிவிடுவோம்.

அது மாறியது கொடுமுடியில். ஒரு ஆடிப்பதினெட்டுக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு காவிரிக்குப் போயிருந்தேன். குளித்துவிட்டுக் கோயிலுக்குள் வந்தால் மகுடேசுவரர் சன்னதியில் வரிசை நகரவே இல்லை. ஓதுவார் ஒருவர், சுந்தரர் அந்த ஊரில் பாடிய நமச்சிவாயப் பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டுக்குப் பாட்டு சொல் மாறுகிறது; ஆனால் சுற்றிச் சுற்றி ‘நமச்சிவாயவே’ என்று வந்து நிற்கிறது. மூன்றாவது பாட்டிலேயே அந்த இடத்துக்காக என் காது காத்திருக்க ஆரம்பித்துவிட்டது. பாட்டுக்காக அப்படிக் காத்திருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

முடிந்ததும் போய் என்ன ராகம் என்று கேட்டேன். “பண்ணு, அதாவது தேவாரத்தோட பழைய ராகம், பழம்பஞ்சுரம் கண்ணு. இப்ப நாங்க சங்கராபரணத்துல பாடறோம்” என்றார்.

வீட்டுக்கு வந்து தேடினேன். 72 மேளகர்த்தாவில், அதாவது தாய் ராகங்களில், சங்கராபரணம் 29. அதோடு 36-ஐக் கூட்டினால் 65, கல்யாணி. முதல் 36 ராகத்துக்குச் சுத்த மத்திமம், அதாவது தாழ்ந்த ‘ம’; அடுத்த 36-க்குப் பிரதி மத்திமம், ஏறிய ‘ம’. மற்ற ஆறு சுரமும் அப்படியே. கணக்கு எழுதுகிறவனுக்கு இது போதாதா? மகளுடைய கீபோர்டை எடுத்தேன். இரட்டைக் கறுப்புக்கு இடப்பக்கம் இருக்கிற வெள்ளைக் கட்டையை ‘ஸ’ என்று வைத்துக்கொண்டு வெள்ளையாகவே அமுக்கிப் போனால் சங்கராபரணம். நாலாவதாக வரும் ‘ம’வை மட்டும் விட்டு, அதை ஒட்டி வலப்பக்கம் இருக்கிற கறுப்பை அமுக்கினால் கல்யாணி. சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் இல்லாத வெறும் எலும்புக்கூடுதான், இருக்கட்டும். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்குவேன். “அப்பா, இதுல ஒண்ணு மட்டும் மேல ஏறி நிக்குது” என்று என்னைவிட முதலில் கண்டுபிடித்தது மகள்தான்.

பாட்டுப் படிப்பின் முதல் பாடமான சரளிவரிசையிலிருந்து தொடங்கு என்று பலரும் சொன்னார்கள். பாட வேண்டும் என்றால் சரி. கேட்கத்தான் வேண்டும் என்றால் இரண்டே ராகத்தை எடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் அதிலேயே கிடக்கலாம் என்பேன்.

அப்புறம் தை மாசம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். நாதசுரத்தில் அந்த ‘ம’ ஏறி நின்றது. பாதிச் சாப்பாட்டில் கை நின்றுவிட்டது. கை கழுவியதும் நேரே போய், “கல்யாணிதானுங்களே?” என்றேன். நாதசுரக்காரர் வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைத் துடைத்துக்கொண்டே, “ஆமாங்க சாமி” என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு.

*

நான் காங்கேயம் பக்கம். மேலே திருப்பூர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்புச்சி, அம்மாவோட அப்பா, ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வயதில், உடுக்கை அடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதை கேட்க என்னைக் கூட்டிப்போவார். அந்த அண்ணன்மார் பொன்னரும் சங்கரும் என்ன ஆனார்கள் என்பதுதான் எனக்குக் குறி. ஒரு நாள் அப்புச்சி காதோடு, “உடுக்கைக்காரரோட இடது கையப் பாரு சாமி” என்றார். நடுவே ஒடுங்கின இடத்தில் பிடித்திருக்கிற அந்தக் கை, கயிற்றை அழுத்தினால் ஒலி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. அன்றைக்கு அவர்கள் தங்கை தங்காள் அழுகிற இடம் வந்தது. கை இறுகி, மெல்லத் தளர்ந்தது. உடுக்கையே விம்மியது.