தேடாமல் கிடைத்தவை: இந்த வாரம் நீங்கள் கேட்டது, கண்டது, அதிசயித்தது

திருச்சியிலிருந்து

எங்கள் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அடுப்படி வேலை முடிந்ததும் அதில் ஒரு பட்டியல் போடுவேன். புதிதாக வந்த பாட்டு இரண்டு மூன்று, சினிமா பக்கம் பேசப்படுகிற ஒரு சங்கதி, அப்புறம் இணையத்தில் கண்ணில் பட்ட வினோதம் ஏதாவது ஒன்று. முழுசாகக் கேட்காத பாட்டைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பத்து வினாடி கேட்டுவிட்டு "செம" என்று அனுப்ப ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் ஒன்றை அனுப்பினால் அதற்கு நாம் பொறுப்பு என்று நினைக்கிறவள் நான்.

வெள்ளிக்கிழமைக்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் புது இசைத்தொகுப்பு வெளியாகும் கிழமை நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். ஒரு நாட்டில் வந்த பாட்டு அன்றைக்கே இணையம் வழியாக இன்னொரு நாட்டுக்குத் திருட்டுத்தனமாகப் போய்விடுகிறது என்று, 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று ஆக்கினார்கள். நமக்கு அது பழகிய கிழமைதான். படம் வருவது வெள்ளி. தூர்தர்ஷனில் ஒலியும் ஒளியும் வந்ததும் வெள்ளி.

இந்த வாரம் நான் போட்டது ஒரு பழைய பாட்டு. அதன் கதையைச் சொல்லாமல் பாட்டை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை, இங்கேயும் சொல்கிறேன். 1980களில் வட ஜெர்மனியில் ஒரு பையன் என்டிஆர் வானொலியில் வரும் பாட்டுகளை கேசட்டில் பதிந்துவைப்பான். நடுவில் அறிவிப்பாளர் பேசுவது விழக்கூடாது என்று கவனமாகப் பட்டனை அமுக்குவான். நம் வீடுகளிலும் அண்ணன்மார்கள் இதே வேலையைத்தானே செய்தார்கள்! அறிவிப்பு விழாததால் ஒரு பாட்டு யார் பாடியது, பெயர் என்ன என்பதற்குத் துப்பே இல்லாமல் போனது. 2007இல் அவருடைய சகோதரி அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றி, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. 2019க்குப் பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் தேடலில் சேர்ந்தார்கள். வானொலி நிலையத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டார்கள், காப்புரிமைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள், ஒலிப்பதிவில் இருந்த ஒரு மெல்லிய இரைச்சலை வைத்துக்கூட அது எந்த நிலையத்திலிருந்து வந்தது என்று ஆராய்ந்தார்கள்.

கடைசியில் 2024 நவம்பரில் கண்டுபிடித்தவர் பழைய ஜெர்மன் செய்தித்தாள்களைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவர். கீல் நகரத்தில் ஃபெக்ஸ் என்று ஒரு சின்ன இசைக்குழு இருந்ததாகச் செய்தி பார்த்து, அதில் வாசித்தவரைத் தொடர்புகொண்டு கேட்டார். அவர்கள் பாட்டேதான். இத்தனை வருஷமாகத் தங்களை உலகம் தேடிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

என் தம்பி மகன் கேட்டான்: "அத்தை, பாட்டைக் கண்டுபிடிக்கிற ஷாஸாம் ஆப் போட்டா ஒரு நொடியில சொல்லியிருக்குமே?" அதனிடம் இருக்கிற பாட்டைத்தான் அது சொல்லும் கண்ணு, இந்தப் பாட்டு யாரிடமும் இல்லை என்றேன். அவன் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டுவிட்டு வந்தான்.

உங்களுக்கும் இப்படிக் கிடைத்தவை இருக்கும். பாட்டோ தளமோ நிகழ்ச்சியோ எதுவானாலும் சரி. அது எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டொராண்டோவிலிருந்து

அக்கா, கேசட் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம்தான். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இலங்கை வானொலியில் பொப் பாடல்கள் போகும் நேரத்தில் வீட்டில் யாரும் கதைக்கக்கூடாது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்றால் அவருக்கு உயிர். கிடாரும் பைலா தாளமுமாக, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடினார்கள். சினிமாவுக்கு வெளியே தமிழில் ஒரு ஜனரஞ்சக இசை இருக்க முடியும் என்று அவர்கள் காட்டியது 1970களில். அதை இன்றைக்குச் சுயாதீன இசை என்று பேசுகிறவர்கள் அந்தப் பெயர்களையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. அப்பாவின் கேசட்டுகள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டன.

இங்கே வந்த பிறகு பனிக்காலம் முழுக்க அவர் வீட்டுக்குள்தான். என் மகள் பல்கலைக்கழகத்தில் யாரோ சொல்லிக் கேட்டு, ரேடியோ கார்டன் என்ற தளத்தை அவருக்கு ஐபேடில் திறந்துகொடுத்தாள். 2016இல் நெதர்லாந்தில் செய்தது. திரையில் பூமி உருண்டை இருக்கும். அதன் மேல் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஊர், அந்த ஊரில் இந்த நிமிஷம் போய்க்கொண்டிருக்கிற வானொலி. விரலால் உருண்டையைத் திருப்பினால் நடுவில் பழைய ரேடியோ மாதிரியே கரகரவென்று சத்தம் வரும், பிறகு குரல் தெளியும். அந்தக் கரகரப்புக்குத்தான் அப்பா முதலில் சிரித்தார்.

முதல் நாள் யாழ்ப்பாணம், கொழும்பு, அப்படியே கடலைத் தாண்டித் தமிழ்நாடு. எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால் பசிபிக் சமுத்திரத்தில் தனியாகக் கிடந்த ஒரு புள்ளியில் நிற்கிறார். யாரோ ஒரு பெண் புரியாத பாஷையில் எதையோ நிதானமாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். "உதென்னப்பா?" என்று கேட்டேன். "தெரியேல்லையடா. குரலைப் பார்த்தால் காலநிலை அறிக்கை மாதிரிக் கிடக்கு. கடலுக்குப் போற ஆக்களுக்குச் சொல்லுறாள் போல" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகும்போது, அந்தக் கிழமை எந்த நாட்டில் என்ன பாட்டுக் கேட்டார் என்று வரிசையாகச் சொல்வார். நைஜரிலும் மாலியிலும் இருக்கிற பாலைவனக் கிடார்க்காரர்களை எனக்கு அறிமுகப்படுத்தியது என் அப்பாதான். இப்போது என் காரில் அவர்கள்தான் ஓடுகிறார்கள்.

மதுரையிலிருந்து

அம்மாவுக்கு முழங்கால் அறுவை முடிந்து படுக்கையில் இருந்தபோது விண்டோஸ்வாப் என்ற தளத்தைப் போட்டுக்கொடுத்தேன். 2020 ஊரடங்கில் சிங்கப்பூரில் இருந்த ஒரு தம்பதி தொடங்கியது. யாராவது தங்கள் வீட்டு ஜன்னலைப் பத்து நிமிஷம் படம்பிடித்து அனுப்பியிருப்பார்கள். பட்டனை அழுத்தினால் வேறொரு ஊர், வேறொரு ஜன்னல். மழை, பூனை, தூரத்தில் ரயில். அம்மா ஒவ்வொன்றிலும் கொடியில் காயும் துணியைத்தான் முதலில் பார்ப்பார். "இவ்வளவு மேகம் போட்டிருக்கு, எடுக்காம எங்க போனாங்க?" என்று உண்மையிலேயே கவலைப்படுவார்.

சென்னையிலிருந்து

என்னுடையது நேரில் பார்த்தது. 2018 ஜனவரி, கீழ்ப்பாக்கம். கூட வேலை பார்த்த ஒருவர் "சாயங்காலம் ஃப்ரீயா? ஒரு கச்சேரி இருக்கு, வா" என்றார். யார், என்ன என்று எதுவும் கேட்காமல் போனேன். மேடையில் ஒரு கூட்டமே நின்றது. தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி அது என்பதே அங்கே போன பிறகுதான் தெரியும். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு.

நான் வடசென்னையில் பிறந்தவன். கானாவை எங்கே கேட்போம் என்றால் சாவு வீட்டில் கேட்போம், தெருமுனையில் இரவில் கேட்போம், அப்புறம் சினிமாவில் குத்துப்பாட்டாகக் கேட்போம். வீட்டுப் பெரியவர்களே "அதெல்லாம் பாடாதே" என்பார்கள். அன்றைக்கு அதே கானா எலக்ட்ரிக் கிடாரோடும் டிரம்ஸோடும், பக்கத்தில் பறையும் சட்டியும் கட்டமோளமும் முழங்க, மைக் முன்னால் நிமிர்ந்து நின்றது. பாடியவர்கள் கோட்டு சூட்டில் இருந்தார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, சாதியைப் பற்றி மேடையில் பாட்டாகவே பாடினார்கள். இத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் கானா பாடினார், இசைவாணி. கானா என்றாலே ஆண்கள் குரல் என்று வளர்ந்த எனக்கு அவர் வாயைத் திறந்த அந்த நொடி உடம்பு சிலிர்த்தது. 2020இல் பிபிசி அந்த ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தபோது, அந்தச் செய்தியை என் தெருவில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பினேன்.

என் முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் பாதிப் பாட்டில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆடத் தொடங்கினார். அவர் ஆடியது சாவு வீட்டில் ஆடுகிற ஆட்டம்தான். ஆனால் முகத்தில் அன்றைக்கு இருந்தது முழு சந்தோஷம்.

கோயம்புத்தூரிலிருந்து

திருச்சி அக்கா வெள்ளிக்கிழமைப் பட்டியல் என்றதும் எனக்கு எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ் தளம்தான் நினைவுக்கு வந்தது. ஸ்பாட்டிஃபையில் வேலை பார்த்த கிளென் மெக்டொனால்டு செய்தது. வெள்ளைத் திரை முழுக்கச் சின்னச் சின்ன எழுத்தில் இசை வகைகளின் பெயர்கள், ஆறாயிரத்துக்கு மேல். தமிழ் ஹிப் ஹாப் ஒரு பக்கம் இருக்கும், ஃபின்லாந்தின் மெட்டல் இன்னொரு பக்கம். இஷ்டத்துக்குச் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும், ஆனால் இடத்துக்கு அர்த்தம் உண்டு. கீழே போகப் போக இயல்பான வாத்தியங்கள், மேலே போகப் போக மின்னணு ஒலி. இடப்பக்கம் அடர்த்தியாக மிதக்கிற இசை, வலப்பக்கம் துள்ளல். ஒரு பெயரைத் தொட்டால் அந்த வகையில் ஒரு துண்டு ஒலிக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன்.

அதில்தான் வாராவாரம் புதிதாக வந்தவற்றை வகைவாரியாகப் பார்க்க ஒரு பக்கம் இருந்தது. பெரிய கம்பெனியின் விளம்பரப் பாட்டும், யாரோ தன் அறையில் உட்கார்ந்து பதிந்த பாட்டும் அங்கே ஒரே அளவு எழுத்தில் இருக்கும். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. 2023 டிசம்பரில் ஸ்பாட்டிஃபை ஆட்குறைப்பு செய்தபோது சுமார் 1,500 பேர் வேலை இழந்தார்கள், அவர்களில் இவரும் ஒருவர். உள்ளிருந்து வந்துகொண்டிருந்த தரவு நின்றது, தளம் அன்றைய நிலையிலேயே உறைந்தது. வரைபடம் இன்னும் திறக்கிறது, பழைய துண்டுகளைக் கேட்கலாம். புதிய வாரம்தான் வரவில்லை. இவ்வளவு பேர் நம்பியிருந்த ஒன்றை ஒரே ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

அந்த இடத்தை இப்போது எனக்கு நிரப்புவது நண்பர் ஒருவர் அனுப்பும் குரல்செய்தி. "இதைக் கேள், ரெண்டாவது நிமிஷத்தில் நாதஸ்வரம் வரும், தவறவிடாதே" என்பார். எந்தச் செயலியும் இப்படிச் சொன்னதில்லை.

ஈரோட்டிலிருந்து

கோயம்புத்தூர் தம்பி சொன்னதைப் படித்ததும் வலைப்பூக் காலம் நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது வலைச்சரம் என்று ஒன்று இருந்தது. வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பு ஏற்று, தனக்குப் பிடித்த பதிவுகளையெல்லாம் அறிமுகப்படுத்துவார். சமையல் எழுதுகிறவர் ஒரு வாரம், கல்வெட்டு எழுதுகிறவர் ஒரு வாரம். திங்கட்கிழமை யார் வரப்போகிறார் என்று காத்திருப்போம். நம் பெயர் அதில் வந்துவிட்டால் அன்றைக்குப் பின்னூட்டம் குவியும். வலைப்பூக்களைத் திரட்டித் தந்த தமிழ்மணம் தளத்தில் வாரம் ஒரு நட்சத்திரப் பதிவர். நான் இன்றைக்குப் படிக்கிற எழுத்தாளர்களில் பாதிப் பேர் அந்த அறிமுகங்களில் கிடைத்தவர்கள்.

அப்படி ஒரு பதிவில் கிடைத்ததுதான் மில்லியன் டாலர் ஹோம்பேஜ். 2005இல் இங்கிலாந்தில் 21 வயதுப் பையன், அலெக்ஸ் டியூ, கல்லூரிச் செலவுக்காக ஒரு பக்கம் திறந்தான். பத்து லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு ஒரு டாலர், குறைந்தது நூறு புள்ளி வாங்கவேண்டும். வாங்கிய கட்டத்தில் உங்கள் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். சில மாதத்தில், 2006 ஜனவரிக்குள், முழுக்க விற்றுத் தீர்ந்தது. இன்றும் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. இந்த வாரம் மகளுக்குக் காட்டலாம் என்று திறந்தேன். ஒவ்வொரு கட்டமாக அவள் தொட்டுக்கொண்டே போக, பல கட்டங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வாங்கியவர்களின் தளங்கள் எப்போதோ மூடிவிட்டன.

நான் எழுதிய வலைப்பூவுக்கும் அதே கதிதான். இடம் கொடுத்த நிறுவனம் கடையைக் கட்டியபோது எல்லாம் போயிற்று. மகள்தான் முகவரியை வேபேக் மெஷினில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவின் கருவி அது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்துகொண்டு செய்கிறார்கள். 2025 அக்டோபரில் ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தாண்டினார்கள். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் சில நாள் முடங்கியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முகவரியைப் போட்டோம். நாட்காட்டியில் சில தேதிகள் மட்டும் நீலமாக இருந்தன. ஒன்றைத் தொட்டோம். படங்கள் எதுவும் வரவில்லை, வெறும் கட்டங்கள். ஆனால் எழுத்து அத்தனையும் இருந்தது. அடியில் பின்னூட்டங்கள் இருந்தன. அதில் ஒன்று, இப்போது இல்லாத என் நண்பர் போட்டது. நான் எழுதிய பாட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு, ஐந்தாவது பாட்டின் ராகத்தைப் பற்றி நீளமாக வாதாடியிருந்தார். அன்றைக்கு அவருக்கு நான் இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டோம். அவர் சொன்ன ராகம்தான் சரி என்று மகள் அடித்துச் சொல்கிறாள், அவள் முறையாகப் பாட்டு கற்கிறவள். பக்கத்தைச் சேமித்து அவருடைய பிள்ளைகளுக்கு அனுப்பினேன்.

திருச்சியிலிருந்து

ஈரோடு அண்ணா, அந்தப் பட்டியல் முழுவதையும் இங்கே போடுங்கள், ஐந்தாவது பாட்டு எது என்று தெரிந்தே ஆகவேண்டும். டொராண்டோ தம்பி, இந்தக் கிழமை அப்பா எந்த ஊரில் நின்றார், என்ன கேட்டார் என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவர் பெயரிலேயே சேர்க்கிறேன்.