குளிர்ந்த கடலில் மூச்சு பிடிபடாமல் போன நேரம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

நீச்சல் குளத்தில் 12 வருடம் நீந்தியவள் நான். இரண்டு கிலோமீட்டரை நிற்காமல் முடிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் முதல் முறை 12 டிகிரி கடலில் தலைகீழாகப் பாய்ந்தேன்.

நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. வாய் தானாகத் திறந்து காற்றை இழுத்தது, அதே நொடியில் அலை முகத்தில் அடித்தது. உப்புநீர் தொண்டைக்குள் போய்விட்டது. கையை வீசிப் போடப் பார்த்தேன். நான்கு வீச்சு கூடப் போட முடியவில்லை, ஏனென்றால் மூச்சை வெளியே விடவே முடியவில்லை. உள்ளே உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தேன். கரை 30 மீட்டர் தூரம்தான். தண்ணீரிலேயே உயிர் போய்விடும் என்று நினைத்தேன்.

உடன் வந்திருந்த பெரியவர் கத்தினார்: "நீந்தாதம்மா, மல்லாந்து படு!" படுத்தேன். காதுக்குள் தண்ணீர், மேலே வானம், வேறு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்குள் வந்தது. அப்புறம் அதே உடம்பு, அதே தண்ணீர், 20 நிமிடம் நிம்மதியாக நீந்தினேன்.

இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர் என்பதைப் பிறகுதான் படித்தேன். தோல் திடீரென்று குளிரும்போது நுரையீரல் நம் சொல்லைக் கேட்காமல் காற்றை இழுக்கும், இதயம் படபடக்கும். முதல் அரை நிமிடம்தான் மிக மோசம். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். உடல் விறைத்துப் போவதற்கு அதைவிட வெகுநேரம் ஆகும். ஆக, ஆளைக் கொல்வது பெரும்பாலும் விறைப்பு அல்ல, அதற்கு முன்பே வரும் இந்த மூச்சுதான். எத்தனை கிலோமீட்டர் நீந்துவோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்கவில்லை. மூச்சு கைவிட்ட இடம் எது, அங்கே என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

* * *

அக்கா, என்னைக் குளிர் ஒன்றும் செய்யவில்லை. கடலின் இழுப்புதான் செய்தது.

அன்று கடல் முரட்டுத்தனமாக இருந்தது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிந்தது. அதுதான் இறங்க நல்ல இடம் என்று நினைத்து இறங்கினேன். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகிற வழியே அதுதான் என்று அப்போது தெரியாது.

திரும்பலாம் என்று கரையைப் பார்த்து நீந்தத் தொடங்கினேன். கரையில் சிவப்புக் கூரை போட்ட ஒரு கட்டடம். பத்து நிமிடம் முழு வேகத்தில் நீந்திவிட்டு நிமிர்ந்தால் அந்தக் கூரை முன்னைவிடச் சிறியதாக இருக்கிறது! அந்தப் பயத்தில் மூச்சு கன்னாபின்னாவென்று போய், கெண்டைக்காலும் பிடித்துக்கொண்டது.

வேறு வழியில்லாமல் மிதந்தேன். அதுதான் காப்பாற்றியது. இழுப்பு ஆளை வெளியே கொண்டுபோகுமே தவிர, கீழே அமுக்காது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் அதன் வேகம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, வெள்ளை நுரை தெரிந்த இடம் வரை போய், அலை தள்ளத் தள்ள வந்து சேர்ந்தேன். கரையில் ஆள் இருந்தால் ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

இன்னொன்று. குளத்தில் ஒரே பக்கம் மூச்சு வாங்கிப் பழகியவர்கள் இரண்டு பக்கமும் பழகிக்கொள்ளுங்கள். அலை வலமிருந்து அடித்தால் இடப்பக்கம்தான் காற்று.

* * *

எல்லோரும் குளிரையும் அலையையும் சொல்கிறீர்கள். அழுக்கை யாருமே சொல்லவில்லையே.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று வைராக்கியம். இரவு முழுக்கக் கொட்டிய மழை விடியற்காலையில்தான் விட்டது. கடல் தேநீர் நிறத்தில் இருந்தது. பழுப்பு நுரை, நெகிழிப் பைகள், மூக்கில் ஏறும் ஒரு வாடை. கரையில் எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. பலகை இல்லையே, அப்போது சரிதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினேன். அலை அடிக்கும் நாளில் வாய்க்குள் தண்ணீர் போகாமல் நீந்த முடியாது. மூன்று நான்கு மிடறு நிச்சயம் போயிருக்கும்.

இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல். அது அடங்குவதற்குள் காதில் சீழ். போட்டியும் போயிற்று, ஒரு மாதம் தண்ணீர்ப் பக்கமே போக முடியவில்லை.

பல பழைய நகரங்களில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் தாங்காதபோது எல்லாம் கலந்து ஆற்றிலும் கடலிலும் திறந்துவிடப்படும். தனிக் குழாய் இருக்கும் ஊரிலும் தெருவில் கிடப்பதையெல்லாம் மழை கழுவிக் கொண்டுவரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மழைக்குப் பின் சேன் ஆற்று நீர் தேறவில்லை என்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஆண்கள் டிரையத்லான் போட்டியையே ஒரு நாள் தள்ளி வைத்தார்கள். அவ்வளவு பணம் செலவழித்துச் சுத்தம் செய்த ஆற்றுக்கே அந்த நிலை.

பெருமழைக்குப் பிறகு நான் மூன்று நாள் இறங்குவதில்லை. வெயில் கிருமிகளைக் கொல்லும், ஆனால் கலங்கிய நீருக்குள் வெயில் ஆழமாகப் போகாது. ஆற்று முகத்துவாரமும் கழிவுக் குழாய் வாயும் எந்த நாளிலும் வேண்டாம். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள், கிருமி கண்ணுக்குத் தெரியாது. கடல் எவ்வளவு பெரியது, எல்லாவற்றையும் கரைத்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு மனது கொதிக்கிறது. நாம் நீந்துவது கடலின் நடுவில் இல்லை, கரை ஓரத்தில். ஊர் கொட்டுவதும் அங்கேதான்.

* * *

ஜெல்லிமீன் கன்னத்தில் பட்டபோது எனக்கும் மூச்சு இப்படித்தான் நின்றது. 1875இல் ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திக் கடந்த மாத்யூ வெப்பையும் ஜெல்லிமீன் கொட்டியது. அதற்குப் பிறகு பிரெஞ்சுக் கரையை நெருங்கியும் நீரோட்டம் அவரை ஏறவிடாமல் ஐந்து மணி நேரம் நிறுத்தி வைத்தது. மொத்தம் ஏறக்குறைய 22 மணி நேரம். வலிக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன், தெம்பாக இருக்கும்.

* * *

எனக்கு ஆபத்து வந்தது கரை ஏறிய பிறகு.

10 டிகிரி, 25 நிமிடம். கடைசியில் விரல்கள் சேரவில்லை, சுண்டுவிரல் தனியாக விலகி நின்றது. அதுவே வெளியேறச் சொல்லும் அடையாளம் என்று இப்போது தெரியும். ஆனால் வெளியே வந்ததும் உற்சாகமாக இருந்தது. ஈர உடையோடு காற்றில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்து உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, குடிக்கக் கொடுத்த தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, நாக்கு குழறியது. "வண்டிச் சாவியைக் கொடு" என்று நண்பன் பிடுங்கிக்கொண்டான். நல்லவேளை.

தண்ணீரை விட்டு வந்த பிறகும் உள்ளுடம்பு இன்னும் கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டே போகும். அதனால் முதலில் ஈரத்தைக் கழற்றி, துடைத்து, தலையை மூடி, அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ள வேண்டும். பேச்சு அப்புறம். உடனே வெந்நீரில் நிற்காதீர்கள், தலை சுற்றி விழ வாய்ப்பிருக்கிறது.

* * *

எல்லோருக்கும் நன்றி. இப்போதும் பாய்ந்து இறங்குகிறீர்களா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். இல்லை. அந்தப் பெரியவரோடுதான் இன்றும் போகிறேன், இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு. நேற்று அலை தோள் உயரம். இடுப்பளவு நீர் வரை நடந்தோம். முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியும் சீராகவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் திரும்பி வந்து உடை மாற்றிக்கொண்டோம்.