அப்பா நேரில் போய்க் கட்டிய வீட்டுக் கட்டணங்களை இனி எப்படிக் கட்டுவது?

கேள்வி: மயிலாடுதுறை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மயிலாடுதுறையில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கு வயது 76. நான் சென்னையிலும் தம்பி பெங்களூரிலும் இருக்கிறோம். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து வீட்டுக்கான எல்லாக் கட்டணங்களையும் அப்பா சைக்கிளில் போய் நேரில்தான் கட்டிவந்தார். மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம், சொத்து வரி, தொலைபேசி, காப்பீட்டுத் தவணை என எதுவானாலும் கட்டிய நாளன்றே நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் எழுதிவிட்டு, ரசீதைச் சுவரோரம் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. இனிமேல் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் தன் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும்படி மாற்றிவிடலாம் என்கிறான் தம்பி. அப்பா மறுப்புச் சொல்லவில்லை. ஆனால், போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை கரண்ட் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறதம்மா?" என்று கேட்டார். குறுஞ்செய்தி வந்த உடனேயே தம்பி பணம் கட்டிவிட்டதால் தொகை மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். யூனிட்டை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. முப்பது வருடக் கணக்கு அந்த ஒரு வரியில் அறுந்துபோனதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பால், பூ, காய்கறி, சிலிண்டர் போடுபவருக்குக் கொடுப்பது ஆகியவற்றை அம்மா ரொக்கமாகத்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் திறன்பேசி இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேச மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார். நீங்கள் உங்கள் வீடுகளில் எதை எப்படிக் கட்டுகிறீர்கள், எதைத் தானியங்கியாக விட்டீர்கள், எதைக் கைவிடாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தஞ்சை, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கிக் கவுண்டரில் இருந்தவன் நான். உங்கள் அப்பாவைப் போல நோட்டும் கையுமாக வரும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பணம் கட்ட மட்டும் வருவதில்லை. வீட்டின் கணக்கு தங்கள் கண்ணில் இருக்க வேண்டும் என்பதற்காகவும் வருகிறார்கள். ஆகவே, எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கண் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

மாதாமாதம் ஒரே தொகையாக வருபவை, பயன்பாட்டுக்கு ஏற்ப மாறுபவை என்று கட்டணங்களை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தவணை, இணைய இணைப்பு போன்ற ஒரே தொகைக் கட்டணங்களைத் தாராளமாகத் தானியங்கியாக விடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி அட்டை, யூபிஐ ஆகியவற்றின் வழியாகத் தானாகப் பிடிக்கப்படும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வர வேண்டும். பெரும்பாலான கட்டணங்களில் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் நீங்கள் தனியாக ஒப்புதல் தந்தாக வேண்டும். தொகை மாறக்கூடிய கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும்போது உச்சவரம்பு ஒன்றை நீங்களே வைக்கலாம். பலர் இதைக் கவனிக்காமல், திரையில் வந்த பெரிய தொகைக்கு அப்படியே சம்மதம் தந்துவிடுகிறார்கள்.

மின்கட்டணத்தை மட்டும் தானியங்கியாக விடாதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள்; முதல் 100 யூனிட் இலவசம்; 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், கீழே உள்ள 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விகிதத்தில் கணக்கிடுவார்கள். ஆகவே 490 யூனிட்டுக்கும் 510 யூனிட்டுக்கும் இடையே வரும் வித்தியாசம் இருபது யூனிட்டின் விலை மட்டுமன்று. எங்கள் வீட்டில் ஒருமுறை மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவி பழுதாகி, நள்ளிரவில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் வழிந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. மீட்டர் பெட்டியருகே வைத்திருக்கும் வெள்ளை அட்டையில் முந்தைய கணக்கையும் புதிய கணக்கையும் கழித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தானாகவே பணம் போயிருந்தால், அடுத்த இரண்டு மாதமும் அது அப்படியே ஓடியிருக்கும்.

அப்பாவால் மீட்டர் பெட்டி வரை நடக்க முடியும் என்றால் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். கணக்கெடுக்க வந்து போன அன்று அவர் யூனிட்டைப் படித்துச் சொல்லட்டும். தம்பியோ நீங்களோ அதன் பிறகு கட்டுங்கள். கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் இருக்கிறதே, ஓடி ஓடிக் கட்ட என்ன அவசரம்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். தானியங்கிப் பிடித்தம் யார் பெயரில் உள்ள கணக்கில் ஓடுகிறது என்பது மிகவும் முக்கியம். ஒருவர் பெயரில் மட்டுமே உள்ள கணக்கு, அவர் காலமானதாக வங்கிக்குத் தெரிந்தவுடன் நிறுத்திவைக்கப்படும். அதோடு இணைந்த பிடித்தங்களும் நின்றுபோகும். துக்க வீட்டில் இணையம் துண்டிக்கப்பட்டு, காப்பீட்டுத் தவணை தவறிப்போனதை நேரில் கண்டவன் என்பதால் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, இருவரில் எவரும் இயக்கலாம், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர் தொடரலாம் என்ற வகையில் ஒரு கூட்டுக் கணக்கு வைத்திருந்தால், வீட்டுச் செலவுகள் அனைத்தையும் அதிலேயே ஓட்டுங்கள். இல்லையென்றால் அவருடைய உடல்நிலை சற்றுத் தேறியதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். தம்பியின் கணக்கிலிருந்து கட்டுவது அன்பினால்தான் என்றாலும், ஓய்வூதியம் வாங்கும் ஒருவருக்குத் தன் வீட்டு விளக்குக்குத் தானே பணம் கட்டுகிறோம் என்ற நிறைவு பெரியது.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய நாள்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை கிடைக்கும்; அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். உங்கள் அப்பா இதைத் தவறவிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

பதில் 2: விருதுநகர் மளிகைக்கடைக்காரர்

சகோதரிக்கு வணக்கம். மேலே ஐயா சொன்னவை எல்லாம் பெரிய கட்டணங்கள். அன்றாடச் செலவைப் பற்றிக் கடைக்காரனாகிய நான் சொல்கிறேன்.

எங்கள் கடையில் 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு வேறு வழியின்றித்தான் முதலில் செயலி வழியாகப் பணம் வாங்கத் தொடங்கினோம். இன்று இளைஞர்கள் பத்து ரூபாய்க் கடலை மிட்டாய்க்கும் ஸ்கேன் செய்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து யூபிஐ வரவுக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் எங்களுக்கும் அதில் நட்டம் கிடையாது. சில்லறைத் தொல்லையும் குறைந்திருக்கிறது. ஆனாலும், உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் ரொக்கமாகத் தருவதை மாற்றச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது என்பது என் கருத்து. பூ விற்கும் அம்மாவும் கீரைக்காரரும் அன்று மாலையே அந்தப் பணத்தை வைத்து மறுநாள் சரக்கு எடுக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் குறைவதைக் கண்ணால் பார்த்துச் செலவு செய்பவருக்கு மாதக் கடைசி நெருக்கடி குறைவாகவே வருகிறது. என் தாயார் அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் காய்க்கு ஒரு டப்பா, பாலுக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைப்பார். ஒரு டப்பாவில் இருப்பதை எடுத்து மற்றொன்றில் போட்டு அவர் சமாளித்ததை நான் பார்த்ததே இல்லை.

மாதச் சாமானுக்கு மட்டும் பற்று நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கடைக்காரர் எழுதித் தருவார். மாதம் முடிந்ததும் மொத்தத் தொகையை நீங்கள் சென்னையிலிருந்தே அனுப்பிவிடலாம். அனுப்பும் முன் நோட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வாங்காத பொருள் ஒன்று எழுதப்பட்டிருந்தால் அவருக்குத்தான் தெரியும். கடைக்காரர் இதற்கு வருத்தப்பட மாட்டார். கணக்குச் சரியாக இருப்பது எங்களுக்கும் நல்லதுதான்.

பதில் 3: கோவை, இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம்

தஞ்சை ஐயாவின் கருத்திலிருந்து நான் சற்று மாறுபடுகிறேன். எங்கள் வீட்டில் மின்கட்டணம் உட்பட எல்லாமே தானியங்கிதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருந்த நாள்களில் கடைசித் தேதியை மறந்துவிட்டோம். கைக்குழந்தையோடு வீடு திரும்பியபோது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. அன்று பட்ட பாட்டுக்குப் பிறகு, நினைவை நம்பி எந்தக் கட்டணத்தையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். வயதானவர்கள் மருத்துவமனையில் இருக்கும் காலத்தில் இப்படி மறப்பதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஆனால், இதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம். சம்பளம் வந்ததும் அந்த மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அதில் போடுவோம். பணம் போதாமல் பிடித்தம் திரும்பினால் வங்கி அபராதம் விதிக்கும் என்பதால் சிறிது கூடுதலாகவே இருக்கும். கடன் அட்டையில் கட்டணங்களைக் கட்டுவது வசதிதான்; ஆனால், "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம். மாதம் மூன்று சதவீதத்துக்கும் மேல் வட்டி ஏறினால் கரண்ட் பில் கடனாக மாறிவிடும்.

கேள்வி கேட்டவர் மீண்டும்: மயிலாடுதுறை மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, நீங்கள் சொன்னபடி அப்பாவின் நோட்டை அம்மாவிடம் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒவ்வோர் ஏப்ரலிலும் அக்டோபரிலும் சொத்து வரி முதல் வாரத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஊக்கத்தொகை கழிந்த வருடங்களில் அந்தத் தொகையைச் சிவப்பு மையில் தனியாக எழுதியிருக்கிறார். நல்லவேளையாக ஓய்வூதியக் கணக்கு அம்மாவோடு சேர்த்தே இருக்கிறது.

தம்பியோடு பேசி முடிவெடுத்துவிட்டோம். காப்பீடும் இணையமும் கூட்டுக் கணக்கிலிருந்து தானாகப் போகும். கோவைச் சகோதரி சொன்னதும் நியாயம் என்பதால், மின்கட்டணத்துக்குக் கணக்கெடுத்த பதினைந்தாம் நாள் தம்பியின் தொலைபேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறோம். அப்பா யூனிட் சொல்லாமல் இருந்தாலும் அன்று அவன் கேட்டுக் கட்டிவிடுவான். அவன் கட்டிய ரசீதை நான் அச்செடுத்து மாதம் ஒருமுறை ஊருக்கு எடுத்துப் போகிறேன்; கம்பியில் குத்துவது அப்பாவின் பொறுப்பு. அம்மாவின் ரொக்கத்தில் நாங்கள் கை வைக்கவில்லை.

ஒரே ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. நேற்று அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. முந்தைய மாதப் பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று எழுதியிருந்ததாம். அம்மா பயந்துபோய் என்னை அழைத்தார். இப்படி வருவதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில் 4: தஞ்சை, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்

அம்மா உங்களை அழைத்ததே பெரிய காரியம். அந்த எண்ணை அழைக்காமல் விட்டதற்கு அவரைப் பாராட்டுங்கள். அது நாடு முழுவதும் சுற்றிவரும் மோசடிச் செய்தி. "முந்தைய மாதப் பில்" என்ற சொல்லே அதைக் காட்டிக்கொடுக்கிறது. நமக்கு வீட்டு மின்கணக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அல்லவா? இந்த ஒரு கேள்வியை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள், மறக்கவே மாட்டார். தெரியாதவர் சொல்லி எந்தச் செயலியையும் இறக்கக் கூடாது என்பதையும், யூபிஐயில் பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் தேவை, வாங்குவதற்கு ஒருபோதும் தேவையில்லை என்பதையும் அப்பாவின் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, ரசீதுக் கம்பிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

என்றைக்காவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். உடனே இணையப் பணமோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அந்த இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி வகுத்திருக்கிறது. ரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தகவல் கொடுக்கும் வரை போனது நம் தலையில்தான் விழும். அதனால்தான் அந்தத் தாளின் முதல் வரியில் உங்கள் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்கிறேன்.