ஏழு சிறு பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து ஒரு வேதாகம மொழிபெயர்ப்பைத் தாங்க முடியுமா?

ஏழுசபை (கேள்வி)

சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். சேலம், நாமக்கல் பக்கம் ஏழு பாப்டிஸ்ட் சபைகள். பெரியதில் எண்பது குடும்பம், சின்னதில் பன்னிரண்டு. இதுவரை அவரவர் தெரிந்த ஊழியருக்கு அவரவர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இனி எல்லாரும் சேர்ந்து, மத்திய இந்தியாவில் ஒரு பழங்குடி மொழியில் நடக்கும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தாங்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. சந்தேகங்கள் நான்கு. பணத்தை யார் பெயரில் சேர்ப்பது? கூட்டு சேர்ந்தால் சபையின் தன்னாட்சி போய்விடாதா? "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைத் தாண்டி ஜெபத்தை எப்படி ஒழுங்கு செய்வது? கடைசியாக, "பணம் நம்முடையது, ஞானஸ்நானம் வரும் இடத்தில் முழுக்கு என்றே போடச் சொல்லலாம்" என்கிறார்கள் சில மூப்பர்கள் (நாம் நீரில் முழுவதும் மூழ்கி எழுவதையே ஞானஸ்நானமாகக் கொள்கிறவர்கள்). அது சரியா?

கணக்கர்

தன்னாட்சிக்குப் பங்கம் வராது, செய்கிற விதத்தில் செய்தால். பாப்டிஸ்ட் ஒழுங்கில் சங்கம் என்பது சபைகளுக்கு மேலே உட்காரும் அதிகாரம் அல்ல. சபைகள் அனுப்பும் பிரதிநிதிகள் கூடும் இடம், அவ்வளவுதான். அதன் தீர்மானம் உங்கள் சபையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் உங்கள் அங்கத்தினர் கூட்டம் அதை ஏற்க வேண்டும். ஆகவே ஏழு சபையிலும் அங்கத்தினர் கூட்டத்தில் வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். போதகர்கள் மட்டும் கூடிப் பேசித் தலையாட்டிவிட்டு வந்தால் போதகர் மாறுகிற அன்றைக்குப் பணமும் நின்றுவிடும். இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான், உபதேச வேறுபாட்டில் அல்ல.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். எந்தச் சபை மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு (மூன்று ஆண்டு நல்ல அளவு), விலக நினைத்தால் ஆறு மாத முன்னறிவிப்பு, வெவ்வேறு சபையைச் சேர்ந்த இருவர் கையெழுத்து, கையெழுத்துப் போடாத மூன்றாம் சபைக்காரர் தணிக்கை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கை எல்லாச் சபையிலும் ஞாயிறு அன்று வாசிக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.

வங்கிக் கணக்கு எந்தக் காரணம் கொண்டும் தனி ஒருவர் பெயரில் வேண்டாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், அல்லது அறக்கட்டளை வைக்கலாம். ஏழு சபைக்கு அதுவும் அதிகம் என்று தோன்றினால் எளிய வழி உண்டு: ஒவ்வொரு சபையும் தன் கணக்கிலிருந்தே மொழிபெயர்ப்பை நடத்தும் நிறுவனத்துக்கு நேரே அனுப்பட்டும். ஒருங்கிணைப்பாளர் ரசீதுகளை மட்டும் சேர்த்து வைத்தால் போதும். பொதுக் கல்லா இல்லையென்றால் கல்லாச் சண்டையும் இல்லை.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். துபாயில் வேலை செய்யும் தம்பி இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால் ஆகும். அவரிடம் ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான) அட்டை இருந்தாலும் கதை மாறாது. எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், பதிவு உள்ள நிறுவனம்கூடத் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற முடியாது. "அவர்கள் வழியாக வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

வாக்குறுதியை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். அமெரிக்காவில் தென் பாப்டிஸ்டுகள் 1919-இல் ஐந்தாண்டுத் திட்டமாக 7.5 கோடி டாலர் திரட்டக் கிளம்பினார்கள். சபைகள் வாக்களித்தது 9 கோடிக்கு மேல். அதை நம்பிச் செலவைக் கூட்டிவிட்டார்கள். கைக்கு வந்ததோ 6 கோடிக்கும் குறைவு, மிஷன் வாரியங்கள் கடனில் மூழ்கின. அதன் பிறகுதான் 1925-இல் மாதாமாதம் ஒரே உண்டியல், எழுதி வைத்த பங்கீடு என்ற கூட்டுறவுத் திட்டம் வந்தது. ஆக, போன வருடம் உண்மையில் வந்த மிஷனரிக் காணிக்கை எவ்வளவோ அதுதான் உங்கள் பட்ஜெட். மொழிபெயர்ப்பாளர்களின் மூன்று மாதப் படியைக் கையில் சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். படி இரண்டு மாதம் தாமதமானால் அவர்கள் கூலி வேலைக்குப் போவார்கள். போனவர் திரும்பாவிட்டால் இன்னொருவரைப் பழக்க ஒரு வருடம்.

பன்னிரண்டு குடும்பச் சபைக்குப் பிடியரிசி பொருத்தம். மிசோரமில் பிரெஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் இரு தரப்புச் சபைகளிலும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வைக்கும் வழக்கம் இன்றும் மிஷனரிப் பணியைத் தாங்குகிறது. ஒரு பிடி 40 கிராம், நாளைக்கு இரண்டு வேளை, பன்னிரண்டு வீடு என்றால் மாதம் சுமார் 29 கிலோ. சிக்கல் விற்பதில்தான். ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்துவிட்டால் கடைக்காரர் வாங்க மாட்டார், வாரம் ஒரு முறை எடுக்காவிட்டால் வண்டு வைத்துவிடும். வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்து, ரகம் பிரித்து வாங்கி, சபைக்குள்ளேயே கிலோ விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான்காம்வரைவு

பணம் பற்றி மேலே நன்றாகச் சொல்லியிருக்கிறார். நான் வேலை பற்றி மட்டும் சொல்கிறேன். தாங்குகிற சபைக்கு வேலையின் படிகள் தெரியாவிட்டால் அறிக்கையைப் படித்தாலும் ஒன்றும் புரியாது.

முதலில் கேட்க வேண்டியது: அந்த மொழியில் வேறு யாராவது ஏற்கெனவே தொடங்கியிருக்கிறார்களா? ஒரே மொழிக்கு இரண்டு குழு, இரண்டு எழுத்துமுறை, இரண்டு அரைகுறை மாற்கு சுவிசேஷம் என்பது நடக்கிற கூத்துதான். அடுத்து, அந்த மொழி பேசும் சபைகளே அமைத்த குழு இருக்கிறதா? இல்லையென்றால் அச்சான புத்தகம் பெட்டியோடு கிடக்கும்.

பிறகு படிகள். தாய்மொழிக்காரர் இரண்டு மூன்று பேர் வரைவு எழுதுவார்கள். குழுவுக்குள்ளேயே மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். அடுத்தது கிராமச் சோதனை. வரைவை முன்பு கேட்டிராத ஆட்களிடம், குறிப்பாகப் பெண்கள், வயதானவர்கள், படிக்காதவர்களிடம் வாசித்துக் காட்டுவது. "புரிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக எல்லாரும் "புரிகிறது" என்பார்கள், அந்தச் சோதனையால் பயன் இல்லை. "கூரையைப் பிரித்தது யார்? எதற்காக?" என்று மாற்கு 2-க்குக் கேட்க வேண்டும். அல்லது கேட்டதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அடுத்து மீள்மொழிபெயர்ப்பு: வரைவை ஆலோசகருக்கு, அதாவது வெளியிலிருந்து வந்து மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் நிபுணருக்கு, தெரிந்த மொழிக்கு வார்த்தை வார்த்தையாகத் திருப்புவது. இதைப் போதகரிடம் கொடுக்கவே கூடாது. வேதாகமம் மனப்பாடமாகத் தெரிந்தவர் வரைவில் உள்ள பிழையைத் தன்னையறியாமல் சரிசெய்து எழுதிவிடுவார், ஆலோசகர் கண்ணுக்குப் பிழையே படாது. குழுவில் இல்லாத, அந்தப் பகுதியை அதிகம் படித்திராத ஒருவர்தான் இதற்கு ஏற்றவர்.

அதன் பிறகு ஆலோசகர் சரிபார்ப்பு. பெரும்பாலும் வேலை தேங்குவது இங்கேதான். குழுவோடு உட்கார்ந்து வசனம் வசனமாகப் போனால் ஒரு நாளைக்கு 40, 50 வசனம் நல்ல வேகம். மாற்குவில் 678 வசனம், அதாவது கிட்டத்தட்ட மூன்று வாரம். புதிய ஏற்பாடு முழுவதும் 7,957 வசனம். ஏழெட்டு ஆண்டு பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆலோசகர் வந்துபோகும் செலவு, குழு தங்கும் செலவு, சோதனைக்குக் கிராமம் கிராமமாகப் போகும் பஸ் கட்டணம், இவற்றுக்குத்தான் பணம் கிடைப்பது கஷ்டம். மடிக்கணினி வாங்கித் தர ஆள் இருக்கும், பஸ் கட்டணத்துக்கு இருக்காது. உங்கள் ஏழு சபை இந்தத் தலைப்புகளை எடுத்துக்கொண்டால் உண்மையான உதவி.

அறிக்கையில் சதவீதத்தை ஏற்காதீர்கள். "70 சதவீதம் முடிந்தது" என்றால் வரைவா, சோதனையா, ஆலோசகர் ஒப்புதலா? ஒவ்வொரு படியிலும் எத்தனை வசனம் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

கணினியில் என்ன பயன்படுத்துகிறார்கள் என்பதும் ஒரு நல்ல கேள்வி. யுனைடெட் பைபிள் சொசைட்டீஸும் எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பாராடெக்ஸ்ட் என்ற மென்பொருள், பதிவான மொழிபெயர்ப்புக் குழுக்களுக்கு இலவசம். விடுபட்ட வசனம், திறந்து மூடாத மேற்கோள் குறி, ஒரே பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். இதை விட்டுவிட்டு வேர்ட் கோப்புகளை வாட்ஸ்அப்பில் மாற்றி மாற்றி அனுப்பும் குழுவில் எது கடைசித் திருத்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னும் மோசம், பின்னால் முழுவதையும் மாற்றிப் பிழை பார்க்க வேண்டியிருக்கும்.

முதல்திங்கள்

ஜெபத்துக்கு நாள் குறியுங்கள், மற்றது தானாக வரும். 1784-இல் நாட்டிங்ஹாமில் கூடிய நார்தாம்ப்டன்ஷயர் பாப்டிஸ்ட் சங்கம், ஜான் சட்கிளிஃப் கொண்டுவந்த யோசனைப்படி, மாதத்தின் முதல் திங்கள் மாலை ஒரு மணி நேரம் எல்லாச் சபைகளும் கூடி ஜெபிப்பது என்று முடிவெடுத்தது. சின்னச் சின்ன கிராமச் சபைகள்தான். எட்டு ஆண்டு கழித்து, 1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங்கில் அதே வட்டாரத்துப் போதகர்கள் கூடி பாப்டிஸ்ட் மிஷனரி சொசைட்டியைத் தொடங்கினார்கள். அன்று வாக்களித்த தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ்.

நடைமுறை: குறிப்பு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். இந்த மாதம் எந்த அதிகாரம், எங்கே சிக்கல், எந்த வாரம் சோதனை (ஊர்ப் பெயர் வேண்டாம்), போன மாதக் குறிப்பு என்ன ஆயிற்று. மாதம் 25-ஆம் தேதிக்குள் ஏழு சபைக்கும் போய்ச் சேர வேண்டும். "ஊழியம் ஆசீர்வதிக்கப்பட" என்று வந்தால் திருப்பி அனுப்பி விவரம் கேளுங்கள், தயவு தாட்சண்யம் வேண்டாம்.

குறிப்பில் ஊழியர் பெயர், கிராமத்தின் பெயர், முகம் தெரியும் படம் மூன்றும் கூடாது. வாட்ஸ்அப்பில் போட்டது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஊக்கமாக ஜெபிக்கிறவர்தான் அதிகமாக ஃபார்வர்டும் செய்கிறவர்.

ஏழுசபை

எல்லாருக்கும் நன்றி. பிடியரிசிக் கணக்கை எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள். முழுக்குப் பிரச்சினையை மட்டும் யாரும் தொடவில்லையே?

நான்காம்வரைவு

வேண்டுமென்றேதான் விட்டேன், தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இது பாப்டிஸ்டுகளுக்குப் பழைய வழக்கு. கல்கத்தாவில் பாப்டிஸ்ட் மிஷனரிகள் வங்காளப் புதிய ஏற்பாட்டில் மூழ்குதல் என்ற பொருள் வரும் சொல்லைப் போட்டார்கள். பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் பைபிள் சொசைட்டி 1830-களில் அதற்குப் பணம் தர மறுத்தது. இங்கிலாந்து பாப்டிஸ்டுகள் 1840-இல் பைபிள் டிரான்ஸ்லேஷன் சொசைட்டி என்று தனியே தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் 1836-இல் இதே காரணத்துக்காகப் பிரிந்தார்கள். அதாவது "பணம் தருகிறவர் சொல்லைத் தீர்மானிப்பது" என்ற கத்தி அன்று பாப்டிஸ்டுகளின் மேல்தான் விழுந்தது. அதையே இன்று நாம் இன்னொருவர் மேல் வீசக் கூடாது என்பது என் கருத்து.

சொல்லை முடிவு செய்ய வேண்டியது அந்த மொழிச் சபைகளின் குழுவும் ஆலோசகரும். பொதுவாக முன்னால் இருக்கும் வழிகள்: கிரேக்கச் சொல்லை ஒலிபெயர்ப்பது, பக்கத்துப் பெரிய மொழியில் சபைகள் ஏற்கெனவே சொல்லும் வார்த்தையை எடுப்பது, மூழ்குவது அல்லது கழுவுவது என்ற உள்ளூர்ச் சொல்லை எடுப்பது. எதை எடுத்தாலும் கடினமான இடங்களில் போட்டுப் பாருங்கள். மாற்கு 7:4-இல் கிண்ணம், செம்பு கழுவுவதற்குக் கிரேக்கத்தில் அதே சொற்குடும்பம் வருகிறது. மாற்கு 10:38, லூக்கா 12:50 இரண்டிலும் அது பாடுகளைக் குறிக்கிறது. மத்தேயு 3:11-இல் ஆவியாலும் அக்கினியாலும். 1 கொரிந்தியர் 10:2-இல் மோசேக்குள்ளாக. உள்ளூரில் "மூழ்குதல்" என்பது நீரில் மூழ்கிச் சாவதற்கும் சொல்லப்படுகிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். ஒரே சொல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சடங்கைக் குறிக்கும் இடத்தில் ஒரு சொல், மற்ற இடத்தில் வேறு, தேவைப்பட்டால் அடிக்குறிப்பு என்று முடிப்பது வழக்கம்.

அந்த மொழிக்குள் லூத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே எல்லாரும் இருந்தால், ஒரு தரப்பின் சொல்லை ஏற்றிய புத்தகத்தை மற்றவர்கள் தொட மாட்டார்கள். சில ஆயிரம் பேர் பேசும் மொழிக்கு இரண்டு பதிப்பு போட முடியாது. உங்கள் மூப்பர்களுக்கு ஒரு வார்த்தை: முழுக்கைக் கற்பிக்கிற வேலை சபையுடையது. நம் தமிழ் வேதாகமத்தில் ஞானஸ்நானம் என்றுதான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே தமிழ் பாப்டிஸ்டுகள் ஆற்றிலும் தொட்டியிலும் முழுக்குக் கொடுத்து வருகிறார்கள்.

கணக்கர்

விட்டுப்போன ஒன்று: சொத்தும் உரிமையும் யாருடையது. பாப்டிஸ்ட் மிஷனரி சொசைட்டியின் முதல் செயலர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1815-இல் இறந்த பிறகு, வங்காளத்தில் செராம்பூரில் இருந்த மிஷன் கட்டடங்களின் மேல் அதிகாரம் அங்குள்ளவர்களுக்கா லண்டன் குழுவுக்கா என்று தகராறு முற்றி, 1827-இல் செராம்பூரும் சொசைட்டியும் பிரிந்தே போயின. உங்கள் அளவுக்கு இது மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை. வாங்கிக் கொடுத்த பொருள் குழுவுடையது, மொழிபெயர்ப்பின் உரிமை நடத்தும் நிறுவனத்துக்கா மொழிச் சபைகளுக்கா, இலவசமாகப் பரப்ப அனுமதி உண்டா, திட்டம் நின்றால் வரைவுகள் யார் கையில் இருக்கும், இந்த நான்கையும் அந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தில் சேருங்கள்.

முதலில் மாற்கு மட்டும் சோதனைப் பதிப்பாக வரும். 200, 300 பிரதிக்கு மேல் அடிக்க விடாதீர்கள். திருத்தம் வந்தே தீரும், மிச்சமான பழைய பிரதிதான் பிறகு சபைக்குச் சபை சண்டை மூட்டும். அட்டையில் உங்கள் ஏழு சபையின் பெயரும் வேண்டாம். வாசிக்கத் தெரிந்தவர் குறைவு என்றால் அச்சுக்கு ஒதுக்கியதில் பாதியை ஒலிப்பதிவுக்குத் திருப்புங்கள். மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தால் வீடு வீடாகப் போகும்.