ஆமிஷ் முறை சுட்ட கோழி: கை கொடுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லாங்காஸ்டர் பக்கம் வசிப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். அங்கே ஆமிஷ் (நவீன வசதிகளைப் பெரிதும் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகம்) குடும்பத்தார் சாலையோரம் சுட்டு விற்ற அரைக்கோழியைச் சாப்பிட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. மிளகாய் இல்லை, மசாலா இல்லை. வினிகர், வெண்ணெய், உப்பு, கரிப்புகை, அவ்வளவுதான். நம் நாக்குக்கு அது பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை!

வீட்டில் இரண்டு முறை முயன்றேன். ஒரு கோப்பை ஆப்பிள் வினிகர், அரைக் கோப்பை தண்ணீர், 100 கிராம் வெண்ணெய், இரண்டு தேக்கரண்டி உப்பு சேர்த்துக் காய்ச்சி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பூசினேன். வெண்ணெய் தணலில் சொட்டித் தீ குபீரென்று எழும்பியது. தோல் கரிந்துவிட்டது, வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் எலும்போரம் 60 டிகிரி செல்சியஸ்தான். 74 வர வேண்டுமே! மீதியை அடுப்பில் வேகவைத்துச் சாப்பிட்டோம். அந்தச் சோகம் வேண்டாம்.

தணலுக்கும் கம்பிவலைக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்? தோல் பக்கத்தை எப்போது தீயை நோக்கித் திருப்புவது? முட்டை சேர்த்து அடித்தால் கலவை பிரியாமல் ஒட்டும் என்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் பேக்கரின் புகழ்பெற்ற கோழிக் கலவையிலும் முட்டை உண்டு. ஆமிஷ் வீடுகளிலும் அப்படிச் செய்கிறார்களா? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். தந்தூரி மசாலா தடவச் சொல்பவர்களுக்கு முன்கூட்டியே நன்றி, வேண்டாம். சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள்.