ஒடிசாவிலிருந்து மகளைக் கனடா கூட்டிட்டுப் போகணும், உத்தரவுல பேர் சரியில்லை

புதுஅம்மா (பிராம்ப்டன்):
எல்லாருக்கும் வணக்கம். புவனேஸ்வர்ல ஒரு வாடகை ரூம்ல இருந்து எழுதுறேன். காரா (இந்திய அரசோட தத்தெடுப்பு ஆணையம்) மூலமா எங்களுக்குக் கிடைச்ச பொண்ணு, ரெண்டரை வயசு, பக்கத்துல தூங்குறா. கலெக்டரோட தத்து உத்தரவு போன வாரம் கைக்கு வந்துச்சு. அதுல என் வீட்டுக்காரர் பேர் வெறும் இனிஷியலோட இருக்கு. பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சு, மாமனார் பேரே சர்நேமா இருக்கு. லீவு முடிஞ்சு அவர் திரும்பிட்டார். "அப்புறம் மாத்திக்கலாம், டிக்கெட் போடு"ன்றார். எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. பாப்பாவுக்கு ஒடியா மட்டும்தான் தெரியும். ராத்திரி "பாணி, பாணி"ன்னு அழுறா, என்ன கேக்குறான்னு புரியல. எப்போ டிக்கெட் போடலாம்?

ஸ்கார்பரோ அக்கா:
தங்கச்சி, முதல்ல வீட்டைச் சூடாக்கி வைக்கச் சொல்லுங்கோ. நான் மூண்டு வயசுப் பிள்ளையோட வந்து இறங்கினது ஜனவரியில. பேஸ்மென்ட் அறை. ஹீட்டர் போட்டாக் காத்து காஞ்சு போகும், பிள்ளைக்கு மூக்கால ரத்தம் வரும். காத்துக்கு ஈரம் குடுக்கிற ஹியூமிடிஃபையர் எண்டு ஒண்டு இருக்கிறதே எனக்கு அப்ப தெரியாது. விடிய விடியப் பிள்ளையை மடியில வச்சுக்கொண்டு இருந்தனான். அதை இப்பவே வாங்கி வைக்கச் சொல்லுங்கோ.

மிசிசாகா தம்பி:
அப்பா அம்மா ரெண்டு பேரும் இருந்தாத்தான் குழந்தையை ஏர்போர்ட்ல விடுவாங்க. அவரைத் திரும்ப வரச் சொல்லுங்க.

கோவை - ஒட்டாவா:
அப்படியெல்லாம் இல்லைங்க. நான் தனியாத்தான் என் பையனைக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுக்காரர் நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் ஒண்ணு கையில வச்சிருந்தேன்.

கால்கரி மதுரைக்காரர்:
எங்க அண்ணன் குழந்தையை 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி எடுத்தோம். பத்திரம் பதிஞ்சா முடிஞ்சுதுன்னாங்க. அப்புறம்தான் வெளிநாடு கூட்டிட்டுப் போக காரா என்ஓசி (தடையில்லாச் சான்று) வேணும்னு தெரிஞ்சுது. குழந்தை மதுரைல, நாங்க இங்க. அது எங்களை அடையாளம் தெரியாம வளந்துடுமோன்னு தினம் வீடியோ கால்ல உக்காந்திருப்போம்.

கோவை - ஒட்டாவா:
அந்த வலி எனக்கும் தெரியும்ணா. நாங்க வருஷக்கணக்கா காத்திருந்தப்போ ஊர்ல எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்னும் கொஞ்சம் டாக்டர்கிட்ட பாத்திருக்கலாமே?" அவன் வந்த பிறகும் கேக்குறாங்க, அவன் முன்னாடியே. அதுக்குத்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கல.

மிசிசாகா தம்பி:
லீவு விஷயமும் அப்படித்தான். பெத்தாத்தான் லீவுன்னு என் மேனேஜர் முகத்துக்கு நேரா சொன்னார்.

லண்டன் ஒன்டாரியோ அம்மா:
தம்பி, பெத்தவங்களுக்கான மகப்பேறுப் படி நமக்கு இல்லை. குழந்தையைப் பாத்துக்க எடுக்கிற லீவுக்கான பேரன்டல் படி உண்டு, ரெண்டு பேருமாப் பகிர்ந்துக்கலாம். அதைப் பிறகு பேசுவோம். அந்தப் பொண்ணு அங்க தனியா உக்காந்திருக்கு.

கண்ணு, டிக்கெட்டைத் தொடாதே. உத்தரவுல இருக்கிற பேரை வச்சுத்தான் பிறப்புச் சான்றிதழ், அதை வச்சுத்தான் பாஸ்போர்ட், அதை வச்சுத்தான் விசா. ஒரு இனிஷியல் நாலு தாள்லயும் ஏறிடும். குழந்தையோட இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அவ இருந்த தத்து இல்லமே விண்ணப்பிக்கும், அதனால நாளைக்குக் காலையில முதல் வேலையா இல்லத்துக்குப் போய் அதை நிறுத்தி வைக்கச் சொல்லு. உங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட் நகலோட திருத்த மனுவை அவங்க மூலமாவே கலெக்டர் ஆபீஸ்ல குடு. 2022 செப்டம்பருக்கு முன்னாடின்னா கோர்ட்டுக்குப் போகணும். இப்போ உத்தரவு போட்ட அதே ஆபீஸ்தான்.

நீ ரெண்டு விஷயம் சொல்லல. யாராவது கனடா சிட்டிசனா, இல்ல ரெண்டு பேரும் பி.ஆரா (நிரந்தர வசிப்புரிமை மட்டும் உள்ளவங்களா)? நாடு விட்டு நாடு தத்தெடுக்கிறதுக்கான ஹேக் உடன்படிக்கைப்படி எல்லாம் சரியா நடந்ததுன்னு சொல்ற 23-ஆம் பிரிவுச் சான்றிதழ் காராகிட்ட இருந்து வந்துடுச்சா?

புதுஅம்மா:
ரெண்டு பேரும் பி.ஆர் தான்மா. அந்தச் சான்றிதழும் வந்துடுச்சு, அதுலயும் இனிஷியல்தான்.

லண்டன் ஒன்டாரியோ அம்மா:
அப்போ அதையும் சேத்துத் திருத்தணும். பி.ஆர்னா நேரடி சிட்டிசன் வழி உனக்கு இல்லை. அவர் ஸ்பான்சர் பண்ண விண்ணப்பத்துல பாப்பாவுக்கு பி.ஆர் விசா வரணும். மெடிக்கலுக்குக் கனடா குறிச்ச பேனல் டாக்டர்கிட்ட மட்டும் போ. 14 வயசுக்குள்ள பயோமெட்ரிக் (கைரேகை, போட்டோ எடுக்கிறது) கிடையாது, அதுக்கு யாரும் பணம் கேட்டா குடுக்காதே. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டாம் வருஷம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாப்பா எப்படி இருக்கான்னு காராவுக்கு ரிப்போர்ட் போகணும், அதையும் நினைவுல வை.

ரூர்கேலா பழையவன்:
நான் ஒடிசாவுல பதினோரு வருஷம் வேலை பாத்தேன். பாணின்னா தண்ணிம்மா. ராத்திரி தலைமாட்டுல டம்ளர் வைங்க. நாளைக்கு இல்லத்துல பாப்பாவைத் தூங்க வச்ச ஆயா யாருன்னு கேட்டு, அவங்க பாடுறதைப் போன்ல பதிஞ்சுக்கோங்க. அவ போத்திக்கிட்ட துணி ஒண்ணு கேட்டு வாங்குங்க, துவைக்காம.

புதுஅம்மா:
தண்ணியா! இப்போதான் எழுந்து குடிச்சா, முழு டம்ளர். அவரைக் கூப்பிட்டுப் பாஸ்போர்ட் நகல் அனுப்பச் சொல்லிட்டேன். காலையில பத்து மணிக்கு இல்லத்துல இருப்பேன். மனுவை ஒடியாலயா இங்கிலீஷ்லயா எழுதணும் அண்ணா?

ரூர்கேலா பழையவன்:
இங்கிலீஷ் போதும். இல்லத்து முத்திரையும் வாங்கிக்கோங்க, மனுவோட ரெண்டு நகல்லயும்.