'ரா வாட்டர்' என்பதைக் கழிவுநீர் என்று எழுதலாமா?

அடிக்குறிப்பு கேட்கிறார்:

ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூலம் ஆங்கிலம், ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மன், பிரெஞ்சுப் பதிப்புகளும் தந்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பாதி வேலையை முடித்தவர் 'ரா வாட்டர்', அதாவது நிலையத்துக்கு வரும் இன்னும் சுத்திகரிக்காத நீர், வரும் இடமெல்லாம் 'கழிவுநீர்' என்று போட்டிருக்கிறார். படத்தில் முதல் கட்டம் 'கழிவுநீர் நுழைவு', அடுத்தது படிகாரம் கலக்கும் தொட்டி, அப்புறம் தெளியவைக்கும் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின், கடைசிக் கட்டத்தில் 'குடிநீர்'. பார்ப்பவர்கள் சாக்கடையைத்தான் வடிகட்டிக் குடிக்கக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இதில் இன்னொரு கூத்து, மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் கழுவிவிடும் அழுக்குத் தண்ணீருக்கும் கடைசி அத்தியாயத்தில் அதே 'கழிவுநீர்'தான். 'பச்சைத் தண்ணீர்' என்று மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், கை வரவில்லை. நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

சொல்லாட்டம்:

கை வராதது நல்லதுதான். பச்சைத் தண்ணீர் என்றால் நமக்குச் சூடு காட்டாத தண்ணீர், வெந்நீருக்கு எதிர்ப்பதம். "பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை" என்று சொல்லும்போது யாரும் ஆற்றுத் தண்ணீரை நினைப்பதில்லை. ஆங்கிலக்காரர்களின் 'ரா' வேறு. பதப்படுத்தாதது, இன்னும் கைபடாதது என்ற பொருளில் வருவது. ஜெர்மனில் 'ரோவாசர்', பிரெஞ்சில் 'ஓ ப்ரூத்', இரண்டுமே அதே எண்ணம்தான், இரண்டிலும் அழுக்கு என்ற வாடையே கிடையாது. கழிவுநீருக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கிறது: ஜெர்மனில் 'அப்வாசர்', பிரெஞ்சில் 'ஓஸ் யூஸே', அதாவது பயன்படுத்திய நீர். ஆங்கிலத்தில் ஐயம் வந்தால் ஜெர்மன் பக்கத்தைப் பாருங்கள், ரோவா அப்வாவா என்பதிலேயே முடிவு தெரிந்துவிடும்.

தமிழில் 'கச்சா நீர்' எழுதுங்கள். கச்சா எண்ணெய் எல்லாருக்கும் தெரியும், அதை யாரும் கழிவு எண்ணெய் என்று நினைப்பதில்லை. 'மூலநீர்' என்றும் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு ஏனோ மூலம் என்றதும் வைத்தியர் விளம்பரம்தான் கண்ணுக்குள் வருகிறது.

இரவுமுறை:

நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை, சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறவன். பேச்சில் நாங்கள் ரா வாட்டர் என்றேதான் சொல்கிறோம், அதை விடுங்கள். 'ரா' என்பது தண்ணீரின் குணம் இல்லை, இடம். எங்கள் வாசலுக்கு வந்து, நாங்கள் இன்னும் தொடாதது எதுவோ அது எங்களுக்கு ரா. ஆற்றில் மேலே ஒரு கழிவுநீர் நிலையம் சுத்தம் செய்து விடுகிற தண்ணீர், ஆற்றோடு கலந்து கீழே ஒரு குடிநீர் நிலையத்துக்கு வந்தால், அவர்களுக்கு வெளியேறும் நீர், இவர்களுக்கு ரா வாட்டர். ஆகவே ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்த்து, குழாய் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், அகராதியைப் பார்த்து எழுதாதீர்கள்.

கழிவுநீர் நிலையத்தில் 'இன்ஃப்ளுவென்ட்', 'எஃப்ளுவென்ட்' என்று இரண்டு வரும். பதிவேட்டில் 'உள்வரும் நீர்', 'வெளியேறும் நீர்' என்று எழுதினால் புதிதாக வந்த பையனுக்கும் புரியும். எஃப்ளுவென்ட் என்றாலே கழிவுநீர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சுத்தம் செய்து முடித்து வெளியே விடுவதும் எஃப்ளுவென்ட்தான்!

சொல்லாட்டம்:

இரவுமுறை சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், நிறத்தை நம்பாதீர்கள். பொறியியல் ஆங்கிலத்தில் 'பிளாக் வாட்டர்' கழிப்பறைத் தண்ணீர் மட்டும், குளியல், துணி துவைத்தது எல்லாம் 'கிரே வாட்டர்'. ஸ்பானிய மொழியிலோ 'அகுவாஸ் நெக்ராஸ்', அதாவது கருப்புத் தண்ணீர், பல இடங்களில் பொதுவாகச் சாக்கடை நீர் முழுவதையும் குறிக்கும். இரண்டையும் 'கருநீர்' ஆக்கினால் கணக்கே தப்பிவிடும். பிரெஞ்சில் கழிப்பறை நீருக்கு 'ஓ வான்', அந்த 'வான்' தனியாக வந்தால் மதகு, வால்வு. மெஷின் மொழிபெயர்ப்பு இதை 'வால்வு நீர்' என்று தந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மேலடுக்கு:

எல்லாம் சரி, ஆனால் 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர்' என்பதைப் படிக்கிறவர் 'கழிவுநீர்' என்ற இடத்தோடு நின்றுவிடுவாரே? சிங்கப்பூரில் 'வேஸ்ட் வாட்டர்' என்பதைத் தவிர்த்து 'யூஸ்டு வாட்டர்' என்றே சொல்கிறார்கள், அதைச் சுத்திகரித்து 2003இல் கொண்டுவந்த தண்ணீருக்கு 'நியூவாட்டர்' என்று பெயரும் வைத்தார்கள். நாமும் 'பயன்படுத்திய நீர்' என்று போனால் என்ன?

இரவுமுறை:

மக்களுக்கான துண்டறிக்கையில் தாராளமாகப் போடுங்கள். கையேட்டில் வேண்டாம். வீட்டுச் சாக்கடையில் எடைக்கு ஏறத்தாழ 99.9 சதவீதம் தண்ணீர்தான், மீதி 0.1 சதவீதத்துக்காகத்தான் இத்தனை தொட்டியும் இத்தனை மோட்டாரும். அந்த மீதியில் நோய்க்கிருமி இருக்கிறது. வால்வைத் திறக்கிற ஆள் பெயரைப் படித்ததும் கையுறையைத் தேட வேண்டும். 'பயன்படுத்திய நீர்' என்றால் கை கழுவிய தண்ணீர் என்று நினைத்துவிடுவான்.

அடிக்குறிப்பு:

எல்லாருக்கும் நன்றி. ஜெர்மன் பக்கத்தைப் பார்த்தேன், முதல் கட்டத்தில் ரோவாசர் என்றுதான் இருக்கிறது. அங்கே 'கச்சா நீர்' போட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'ஆற்றிலிருந்தோ ஏரியிலிருந்தோ எடுத்த, இன்னும் சுத்திகரிக்காத நீர்' என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டேன். வடிகட்டி கழுவிய தண்ணீர் 'கழுவிய கழிவுநீர்'. 'ரா சீவேஜ்' ஒரே ஒரு இடத்தில் வந்தது, அதைச் 'சுத்திகரிக்காத கழிவுநீர்' ஆக்கினேன். 'சுத்திகரிக்கப்படாத' என்றால் 11 எழுத்து, கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'சுத்திகரிக்காத' 8 எழுத்து, அதற்கே எழுத்துருவை ஒரு புள்ளி குறைக்க வேண்டியிருந்தது.